நிறம் மாறாத தண்ணீர்

பிப்ரவரி 3

தங்கக் கரைசல் இன்று முதல் முயற்சியிலேயே சரியாக வந்தது. கொதிக்கும் குடுவையில் மஞ்சள் போய், கொஞ்ச நேரம் சாம்பலாகக் கலங்கி, பிறகு மாதுளம்பழச் சாற்றின் சிவப்பு. எத்தனை முறை பார்த்தாலும் அந்தச் சிவப்பு வரும்போது மனசு துள்ளத்தான் செய்கிறது.

அம்மா போனில் கேட்டாள், "தங்கம் எப்படிடி சிவப்பா இருக்கும்?" கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் தங்கம் சிவப்பாகத்தான் இருக்கும். துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நீலமாகிவிடும். ஈயம் வந்தால் ஒட்டிக்கொள்ளும்படி அவற்றின் மேல் ஒரு பூச்சுப் பூசியிருக்கிறேன். என் நான்கு வருடப் படிப்பு அவ்வளவுதான். சந்தேகமான தண்ணீரில் கரைசலைச் சில சொட்டு விட்டால் போதும். சிவப்பாகவே இருந்தால் ஈயம் இல்லை, நீலமானால் இருக்கிறது. அம்மாவுக்குப் புரிந்தது. "அப்போ இதை வீட்டுக்கு வீடு விக்கலாமே" என்றாள்.

நாளை மறுநாள் வெள்ளைக்கரட்டூர் போகிறேன். அந்த ஊருக்கு வெளியே பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை ஒன்று பல வருடம் நடந்திருக்கிறது. இப்போது மூடிவிட்டார்கள். ஊராட்சித் தலைவர் சென்னியப்பன் எங்கள் துறைக்கே வந்து கேட்டார்: "எங்க தண்ணியக் குடிக்கலாமா வேண்டாமான்னு யாராச்சும் சொன்னாப் போதுமுங்க." என் வழிகாட்டி ராபின்சன் சார் என்னைக் கைகாட்டினார். "நம்ம பிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவா."

பக்கத்து மேசை ஹபீபா, "அந்தப் பக்கமெல்லாம் உப்புத் தண்ணியாச்சே, உப்புக்கு நம்ம கரைசல் என்ன பண்ணுதுன்னு பார்த்துட்டியா?" என்று கேட்டாள். இங்கே குழாயில் வருவது மலைத் தண்ணீர். உப்பே கிடையாது. அந்த ஊருக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

வெள்ளைக் கோட்டைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். இஸ்திரி போட வேண்டும்.

பிப்ரவரி 5

இப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் மேசை போட்டு, மைக் வைத்து, எனக்குத் துண்டு போர்த்தினார்கள். உள்ளூர்ச் சேனல்காரர் ஒருவர் கேமராவோடு வந்திருந்தார். ஊரில் மூன்று தண்ணீர்தான் குடிக்கிறார்கள். எப்போதாவது வரும் குழாய்த் தண்ணீர். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் உள்ள அடிபம்பு. பிறகு பூவாத்தாள் என்பவரின் கிணறு. குழாய் வராத நாளில் பாதி ஊர் அந்தக் கிணற்றில்தான் இறைக்கிறதாம். அந்தம்மாள் வீட்டு வாசலில் காலையில் இடியாப்பம் மாதிரியான சந்தகை பிழிந்து விற்கிறார். அதற்கும் அதே தண்ணீர்தான்.

மூன்று கண்ணாடிக் குவளை வைத்துச் சொட்டுவிட்டேன். குழாய்த் தண்ணீர் சிவப்பு. பம்புத் தண்ணீர் சிவப்பு. மூன்றாவதில் சொட்டு விழுந்ததுமே ஊதாவாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமானது. கூட்டம் "ஓ" என்றது. யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

மைக்கில் சொன்னேன்: "நீலமாயிட்டா ஈயம் இருக்குன்னு அர்த்தம். இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. பம்புத் தண்ணி சுத்தமா இருக்கு. அதைத் தாராளமாக் குடிக்கலாம்."

பூவாத்தாள் கூட்டத்தின் ஓரத்தில்தான் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்து அந்தக் குவளையைக் குனிந்து பார்த்தார். "இந்தத் தண்ணியிலதானுங்க என்ற பொண்ணை வளத்துனேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. சேனல்காரர் கேமராவை அவர் முகத்துக்குத் திருப்பினார்.

உப்புக்குத் தனியாக ஒரு குவளை வைத்திருக்கலாம்தான். நேரமில்லை. வெயில் வேறு.

மதியம் தலைவர் வீட்டில் விருந்து. நல்ல சாப்பாடு.

பிப்ரவரி 7

வீடியோ எங்கே பார்த்தாலும் ஓடுகிறது. "விஷக் கிணற்றைக் கண்டுபிடித்த மாணவி." என் ஸ்கூல் டீச்சர்கூட வாழ்த்து அனுப்பியிருக்கிறார். அப்பா அதைத் தான் வேலை பார்க்கும் வங்கியில் எல்லோருக்கும் காட்டினாராம்.

மார்ச்சில் மாநில அறிவியல் கண்காட்சி இருக்கிறது. இதை அனுப்பலாம் என்றார் சார்.

பிப்ரவரி 14

தண்ணீர் மாதிரிகளை அமிலம் விட்ட பாட்டிலில் பிடித்துவர மறுபடி வெள்ளைக்கரட்டூர் போனேன். எங்கள் பெரிய கருவியில் வைத்தால் ஈயம் எவ்வளவு என்று எண்ணாகவே வந்துவிடும். கண்காட்சிக்கு அந்த எண் தேவை.

பூவாத்தாள் வீட்டு வாசலில் அடுப்பு எரியவில்லை. சந்தகை பிழியும் கட்டை கழுவிக் கவிழ்த்திருந்தது. கிணற்றுக்கு யாரோ முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்ப நினைத்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். மகள் வாணி. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"நீங்கதானுங்களா அந்த அக்கா? வீடியோவுல பாத்தேன்" என்று சிரித்தாள். கோபமே இல்லை. "என்ற மாமியார் அனுப்பவே மாட்டேன்னுட்டாங்க, அந்த ஊட்டுத் தண்ணி ஆகாதுன்னு. பம்புத் தண்ணிதான் குடிப்பேன்னு சத்தியம் பண்ணிப்போட்டு வந்தேனுங்க்கா. அது நல்ல தண்ணிதானுங்களே?"

"நல்ல தண்ணி. நீ அதையே குடி. சமைக்கவும் அதையே எடு."

அவளால் குடம் தூக்க முடியாது. நானே பம்பில் அடித்து, குடத்தை இடுப்பில் வைத்து அவள் வீடுவரை கொண்டுவந்து இறக்கினேன். பூவாத்தாள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உக்காருங்" என்றார்.

வரும் வழியெல்லாம் தோள் வலித்தது. ஆனாலும் நிறைவாக இருந்தது.

பிப்ரவரி 20

கருவிக்கு வரிசை. எங்கள் முறை வர இன்னும் நாளாகும்.

பிப்ரவரி 26

கண்காட்சிக்குப் பதாகை வடிவமைத்தேன். நீலக் குவளையின் படம் நடுவில். வாசகம்: "கண்ணால் கண்டதே மெய்." சாருக்குப் பிடித்திருக்கிறது.

மார்ச் 4

மெஸ்ஸில் இன்று எலுமிச்சை சாதம். வாயில் வைக்க முடியவில்லை.

கருவியின் முடிவு வந்துவிட்டது. ஹபீபாதான் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

பூவாத்தாள் கிணற்றில் ஈயம் இல்லை. கருவியாலேயே பிடிக்க முடியாத அளவு. இருப்பது உப்பு. குடிக்கலாம், ஆனால் என் கரைசலுக்கு எக்கச்சக்கமான உப்பு.

அடிபம்பில் ஈயம் இருக்கிறது. லிட்டரில் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. எழுபத்திரண்டு இருக்கிறது.

ஒரு குவளையில் மலைத் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை சமையல் உப்பைக் கரைத்துச் சொட்டுவிட்டேன். நீலம். அதே நீலம். உப்புக்கும் துகள்கள் ஒட்டிக்கொள்ளும் என்று முதல் வருடப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. எனக்குத் தெரியாதது இல்லை.

பம்புத் தண்ணீர் ஏன் சிவப்பாகவே இருந்தது என்பதும் தெரிகிறது. நூறு மைக்ரோகிராமைத் தாண்டினால்தான் என் கரைசலில் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். சிவப்பு என்றால் ஈயம் இல்லை என்று அர்த்தமில்லை. என்னால் பார்க்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். இதை என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கிறேன். மைக்கில் சொல்லவில்லை.

"அந்த ஊர்ல எல்லாரும் இப்ப எந்தத் தண்ணி குடிக்கிறாங்க?" என்று ஹபீபா கேட்டாள்.

குடுவைகளைக் கழுவ நிறைய இருந்தது.

மார்ச் 5

சாரிடம் காட்டினேன். நெடுநேரம் தாளையே பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"பாட்டில் மாறிப்போயிருக்கலாம். லேபிள் மாறியிருக்கலாம். ஒரு தடவை பயமுறுத்திட்டோம். உறுதியாத் தெரியாம ரெண்டாவது தடவையும் பயமுறுத்தக் கூடாதும்மா. திரும்ப மாதிரி எடு, திரும்ப ஓட்டு, அப்புறம் முறைப்படி சொல்லுவோம்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அறிவியலில் ஒரே ஒரு முடிவை வைத்து எதையும் சொல்லக்கூடாது.

ஒரே ஒரு குவளையை வைத்துத்தான் அன்று சொன்னேன்.

மார்ச் 9

ஜலதோஷம். வெள்ளைக்கரட்டூர் போகவில்லை.

மார்ச் 11

ஜலதோஷம் சரியாகிவிட்டது. போகவில்லை.

மார்ச் 13

போனேன்.

பம்பில் பெரிய வரிசை. சென்னியப்பன் வழியிலேயே பிடித்துக்கொண்டார். "ஊரே இப்பப் பம்புக்கு மாறிருச்சுங்க மேடம். பால்வாடிக் கொழந்தைகளுக்கும் இதுதான். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." பாட்டிலில் அவரே தண்ணீர் பிடித்துக்கொடுத்தார்.

போகும் வழியில் ஒரு இருபது லிட்டர் தண்ணீர் கேன் வாங்கி ஆட்டோவில் வைத்திருந்தேன். வாணிக்கு. அவள் வயிறு இன்னும் பெரிதாகியிருந்தது. கால் வீங்கியிருந்தது. "மாசமா இருக்கிறவங்களுக்குக் கேன் தண்ணி நல்லது. இதைக் குடி. வாராவாரம் அனுப்பறேன்" என்றேன்.

வாணி சந்தோஷப்பட்டாள். பூவாத்தாள் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்களுக்கு மட்டும் எதுக்குங்க அம்மிணி கேனு?"

"சும்மாதாங்க்கா. பிள்ளைத்தாச்சியாச்சேன்னு."

"தெக்கால வீதியில இன்னும் ரெண்டு பொண்ணுங்க முழுகாம இருக்கறாங்க. அவங்களுக்கும் கொண்டாந்தீங்களா?"

கேனின் மூடியைத் திருகிப் பார்த்தேன்.

"பம்புத் தண்ணி நல்லதுன்னுதானே சொன்னீங்க?"

"நல்லதுதாங்க்கா."

சொன்னேன். என் வாயால், அவர் முகத்தைப் பார்த்து.

"அப்பக் கேனு வேண்டாமுங்க" என்று அவரே அதைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். "ஊரு எங்களை ஏற்கெனவே ஒருமாதிரி பாக்குது. நாங்க மட்டும் கேனுத் தண்ணி குடிச்சா அதுக்கும் ஒரு பேச்சு வரும்."

ஆட்டோக்காரர் கேனை என்ன செய்வது என்று கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

மார்ச் 16

கருவிக்கு வரிசை.

ஹபீபா என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 20

கண்காட்சியில் இரண்டாம் பரிசு.

நடுவர்களில் ஒரு அம்மையார் கேட்டார்: "அந்த ஊர் மக்கள் இப்போ எப்படி இருக்காங்க?"

"பாதுகாப்பான தண்ணிக்கு மாறிட்டாங்க மேடம்."

கோப்பையை விடுதி அறையில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருக்கிறேன். மேலே வைக்க இடமில்லை.

மார்ச் 24

இரண்டாவது முடிவும் வந்துவிட்டது. கிணற்றில் இல்லை. பம்பில் எழுபத்தைந்து.

ஹபீபா இன்று பேசினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நீ போறியா, நான் போகட்டுமா?"

"சார் முறைப்படி ஒரு கடிதம்..."

"பிருந்தா. அந்தப் பொண்ணுக்கு இது எத்தனையாவது மாசம்?"

எட்டு முடிந்து ஒன்பது. எனக்கு அது தெரியும். மார்ச் நான்கிலிருந்து தினமும் அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஈயம் தாயின் ரத்தத்திலிருந்து நேராகப் பிள்ளைக்குப் போகும், மூளையில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதும் தெரியும். என் ஆய்வேட்டின் முதல் பக்கம், முதல் பத்தி. "ஆகவே இந்த ஆய்வு முக்கியத்துவம் பெறுகிறது" என்று அந்தப் பத்தியை முடித்திருக்கிறேன்.

இந்த நாட்குறிப்பில்கூட இதுவரை அதை எழுதவில்லை.

மார்ச் 25

முதலில் சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன். முழுவதும் சொன்னேன். அவர் எழுந்து வாசல் கதவைச் சாத்தினார்.

"மேடம், இதை இப்பச் சொன்னீங்கன்னா ஊரு என்னையத்தான் கேக்கும். நான்தானே உங்களைக் கூட்டியாந்தேன். லாரித் தண்ணிக்கு ஏற்பாடு பண்ணிப்போட்டு, மெதுவா, பம்பு ரிப்பேருன்னு சொல்லிக் கழட்டிப்போடலாம். ஒரு பத்து நாளு பொறுங்க."

பத்து நாள். நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவர் சொன்னார். அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோது கேட்க முடியவில்லை. எழுந்து நேராகப் பம்புக்குப் போனேன்.

வரிசையில் பெண்கள். வாணியும் நின்றிருந்தாள், சிறிய பிளாஸ்டிக் குடத்தோடு. மைக் இல்லை. என் குரல் எழும்பவே இல்லை. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"இந்தத் தண்ணியில ஈயம் இருக்குங்க. குடிக்காதீங்க. நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. பூவாத்தாக்கா கிணத்துல ஈயம் இல்லை. வெறும் உப்பு."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நாங்க கண்ணால பாத்தமே! நீலமாச்சே!"

"பூவாத்தா போயி அழுதாளாட்ட இருக்குது. அதான் பாவம் பாத்து மாத்திச் சொல்லுது இந்தப் பொண்ணு."

நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று கரைசலும் உப்புப் பொட்டலமும் கொண்டுபோயிருந்தேன். பாட்டில் தண்ணீரில் சொட்டுவிட்டேன், சிவப்பு. உப்பைப் போட்டேன், நீலம். "பாருங்க, உப்புக்கும் நீலமாகும்."

முன்வரிசையில் நின்ற ஒரு அம்மாள் குவளையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப உங்க மருந்தே பொய்யுங்க. அன்னிக்கு அது பொய்யின்னா இன்னிக்கு நீங்க சொல்றது மட்டும் எப்படி நெசம்?"

கருவியின் தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "தாளுல என்ன வேணும்னாலும் போடலாம்." பம்பின் கைப்பிடியைப் பிடித்து அடிக்கத் தொடங்கினார். தண்ணீர் கொட்டியது. ஊரை இந்தப் பம்புக்கு அனுப்பியது என் சொல். திருப்பி அழைக்க அதே சொல்லுக்குச் சக்தி இல்லை.

வாணி குடத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா. இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல நினைத்தேன். எழுதத்தான் வேண்டும், நினைத்தேன். நேற்று என்று சொல்லலாம்.

"மார்ச் நாலாந்தேதி."

அவள் உதடு அசைந்தது. "கேனு கொண்டாந்தது அதுக்குப் பொறவுதானுங்களே."

"ஆமா."

"அம்மா கேட்டாங்க. நல்ல தண்ணின்னு சொன்னீங்க."

"ஆமா வாணி."

அவள் அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, அடித்துக்கொண்டிருந்த அம்மாளைத் தாண்டி, தண்ணீர் விழும் இடத்துக்கு நேர் கீழே, ஈர சிமெண்டில் உட்கார்ந்தாள். அடிப்பவர் நிறுத்தினார். தண்ணீர் அவள் முதுகில் கொட்டியிருந்தது.

"எந்திரி புள்ள, என்ன பண்றே?"

"எந்திரிக்க மாட்டேனுங்க. இந்த அக்கா சொன்ன ரெண்டுல ஒண்ணு பொய்யி. எதுன்னு எனக்குத் தெரியோணும். என்ற ரத்தத்தை எடுத்துப் பாக்கட்டும். நான் வந்ததுலயிருந்து இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறேன். என்ற ரத்தத்துல இல்லீன்னா எல்லாரும் குடிங்க. அது வரைக்கும் இந்தப் பம்பை யாரும் அடிக்கக் கூடாது."

பூவாத்தாள் ஓடி வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகளை எழுப்பப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு பலகையைக் கொண்டுவந்து அவளுக்கு அடியில் போட்டார். பிறகு தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். என்னை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மார்ச் 26

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் வந்து ரத்தம் எடுத்தார். ஹபீபா ஏற்பாடு செய்தாள், மாவட்ட அதிகாரிக்கு எங்கள் இரண்டு முடிவுகளையும் அனுப்பி. வாணியோடு பம்பு வீதிக்காரர்கள் சிலரும், நான்கைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கொடுத்தார்கள்.

சார் கூப்பிட்டார். "என்னைக் கேக்காம..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். "நான்தான் உன்னைத் தள்ளிப்போடச் சொன்னேன். அதிகாரிக்கு அதையும் எழுதிக்கொடு" என்றார். அவருக்கு ஒரே நாளில் வயதாகிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வர வேண்டும் என்று ஆசை. வரவில்லை. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, அதனால் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 29

சென்னியப்பன் லாரித் தண்ணீர் வரவழைத்திருக்கிறார். வாணி பகல் முழுக்கப் பம்படியில்தான் இருக்கிறாளாம். வெயிலுக்குத் தென்னந்தட்டி கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். யாரும் அவளைத் திட்டுவதில்லை, யாரும் தண்ணீர் அடிக்கவும் இல்லை.

கண்காட்சிக்காரர்களுக்கு எழுதிப் பரிசைத் திருப்பி அனுப்பினேன். அனுப்பும்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைப் பார்த்துத்தான் அதிகம் கூசியது.

ஏப்ரல் 4

முடிவு வந்தது.

வாணியின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய ஈயம் ஒன்பது. பம்புத் தண்ணீரையே வருடக்கணக்காகக் குடித்த பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல். ஒரு பையனுக்கு இருபதைத் தாண்டியிருக்கிறது.

அதிகாரிகள் வந்து பம்பைக் கழற்றினார்கள். மேடையைச் சுற்றிச் சேறாகாமல் இருக்கக் கொட்டியிருந்த கறுப்புக் கல், அந்தக் கொட்டகையில் ஈயம் உருக்கி மிஞ்சிய கசடு. இலவசமாகக் கிடைக்கிறது என்று எப்போதோ அள்ளிக்கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அன்று குடம் தூக்கியபோது அதன்மேல் நின்றுதான் நான் பம்படித்தேன்.

ஊர் இப்போது நம்புகிறது. நான் காட்டிய நிறத்தையோ தாளையோ நம்பவில்லை. அவள் ரத்தத்தை நம்புகிறது.

ஏப்ரல் 9

பூவாத்தாள் வீட்டுக்குப் போனேன். கிணற்றின் முள்ளை எடுத்திருந்தார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வாங்க ஆளில்லை.

"வீடியோவை அழிச்சுடச் சொன்னேங்க்கா. சேனல்ல அழிச்சுட்டாங்க."

"போனுல இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்குது." மாவைப் பிசைந்துகொண்டே பேசினார். "தண்ணி கெட்டுப்போச்சுன்னா எல்லாரும் அனுப்புவாங்க அம்மிணி. நல்ல தண்ணிதான்னு யாரும் அனுப்ப மாட்டாங்க."

"மன்னிச்சுக்குங்க்கா."

கை நின்றது. "என்ற யாவாரம் போனது போகுது. அதுக்கு உங்களைய ஒண்ணும் சொல்ல மாட்டேன். தெரியாமப் பண்ணிப்போட்டீங்க. ஆனா அன்னிக்கு இந்த எடத்துல நின்னுக்கிட்டு நான் கேட்டனே, அப்ப நல்லதுன்னீங்களே, அது தெரிஞ்சு சொன்னதுதானே?"

"ஆமாங்க்கா."

"அதுக்கு எங்கிட்ட மன்னிப்பில்லீங்க. போயிட்டு வாங்க."

எழுந்து வந்தேன்.

ஏப்ரல் 15

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதத் தொடங்கியிருக்கிறேன். உப்பு உள்ள தண்ணீரில் இது பொய் சொல்லும் என்று ஒரு பிரிவு. சிவப்பாக இருந்தால் பாதுகாப்பு என்று பொருளில்லை என்று இன்னொன்று. ஹபீபா உடன் உட்கார்ந்து படிக்கிறாள். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

வேலை இருப்பது நல்லது. வேலை இல்லாதபோது பூவாத்தாள் வீட்டு வாசல் கண்முன் வந்துவிடுகிறது.

ஏப்ரல் 23

வாணிக்கு ஆண் குழந்தை. எடை கொஞ்சம் குறைவு. செவிலியர் போனில் சொன்னார்.

பார்க்கப் போகும் தகுதி எனக்கு இல்லை.

ஏப்ரல் 25

வாணியே போன் செய்தாள். "வரமாட்டீங்களா?" என்றாள். குரலில் எதுவும் இல்லை. கோபமும் இல்லை, அழைப்பும் இல்லை.

அரசு மருத்துவமனையில் மூன்றாவது மாடி. பூவாத்தாள் என்னைக் கண்டதும் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வாணி படுக்கையில் சாய்ந்திருந்தாள். குழந்தை அவள் பக்கத்தில், பழைய வேட்டித் துணியில் சுற்றி. தலைமுடி நிறைய. கையை முறுக்கி வாயில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

"தொப்புள்கொடி ரத்தத்துலயும் இருக்குதாமா. டாக்டரு சொன்னாங்க."

"எனக்கும் சொன்னாங்க."

"இவனுக்கு ஒண்ணும் ஆகாதுல்லீங்க்கா?"

என்னவெல்லாமோ வாய்க்கு வந்தது. அளவு அதிகமில்லை, நிறைய குழந்தைகள் நன்றாகத்தான் வளர்கின்றன, நல்ல சாப்பாடு கொடுத்தால் போதும். எல்லாமே ஓரளவு உண்மைதான். அவள் முகம் ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் அவள் தூங்கியிருப்பாள்.

"எனக்குத் தெரியாது வாணி. ஒண்ணும் ஆகாமப் போகலாம். பேச்சு வர நேரமாகலாம், படிப்பு வர நேரமாகலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

அவள் கண் நிறைந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எனக்காகத்தான் திருப்பாமல் இருந்தாள் என்று தோன்றியது, நான் பார்க்க வேண்டும் என்று.

"அப்ப எப்பத் தெரியுமுங்க?"

"அவன் வளர வளர. பள்ளிக்கூடம் போற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருக்கணும். ரத்தம் எடுத்துப் பார்க்கணும்."

"நீங்க வரோணும்" என்றாள். "ஒவ்வொரு தடவையும். வேற யாரையும் அனுப்பாதீங்க. கல்யாணமாயி எங்க போனாலும் சரி, வெளிநாடு போனாலும் சரி. எண்ணு ஏறிச்சுன்னா நீங்களே என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லோணும். எறங்குனாலும் நீங்களே சொல்லோணும்."

"வரேன்."

"மன்னிச்சுப்போட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"இல்லை."

குழந்தை சிணுங்கினான். அவள் அவனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் எழுந்து நின்றேன். தூக்கிப் பாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முதல் பரிசோதனை எந்த மாதம் என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். பூவாத்தாள் திரும்பி வரும்வரை கதவோரம் நின்றிருந்து, அவர் உள்ளே போனதும் படியிறங்கினேன்.